"இதோ, நான் சகலத்தையும் புதிதாக்குகிறேன்": கேள்விகளும் பதில்களும்

வெளிப்படுத்தின விசேஷத்தின் 21-ஆம் அதிகாரம் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் வீட்டில் ஒரு சாவையோ நோயையோ பார்த்தவர்களின் கேள்விகள். அதனால் வரிசைப்படி போகாமல், எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்று பதில் சொல்கிறேன். பல ஆண்டுகளாக வேதபாட வகுப்பு நடத்திவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். வசனங்களைப் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன். பலருக்கும் மனப்பாடமாக இருப்பது அதுதான்.

கேள்வி: இந்தப் பூமி எரிந்து சாம்பலாகிவிடும், பிறகு தேவன் வேறொரு பூமியைப் படைப்பார் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். "புதிதாக்குகிறேன்" என்பதற்கு அதுதானே பொருள், ஐயா?

அந்த 5-ஆம் வசனத்தை இன்னொரு முறை மெதுவாக வாசியுங்கள். "புதியவை பலவற்றை உண்டாக்குகிறேன்" என்று சிங்காசனத்தில் வீற்றிருக்கிறவர் சொல்லவில்லை. "சகலத்தையும் புதிதாக்குகிறேன்" என்கிறார். அந்தச் சகலமும் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல்தான் அவர் கைவைக்கிறார். கிரேக்கத்தில் இங்கே வரும் சொல் 'கைனோஸ்'. 'நேயோஸ்' என்று வேறொரு சொல்லும் உண்டு; நேற்று இல்லாதது இன்று வந்தது என்ற காலப் புதுமையை அது பெரும்பாலும் குறிக்கும். கைனோஸ் தன்மையிலே புதிது. எல்லா இடங்களிலும் இந்த இரண்டையும் கறாராகப் பிரித்துவிட முடியாது என்றாலும், புதிய வானம், புதிய பூமி, புதிய எருசலேம், "புதிதாக்குகிறேன்" என்று இந்த அதிகாரம் முழுவதும், இந்தப் புத்தகத்தை எழுதிய யோவான் கைனோஸையே எழுதியிருப்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் கேட்டு வளர்ந்ததற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2 பேதுரு 3:10-இல் "பூதங்கள் வெந்து உருகிப்போம், பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம்" என்றிருக்கிறது. பூதங்கள் என்றால் இங்கே உலகத்தின் மூலப்பொருள்கள். ஆனால் அதே அதிகாரத்தின் 6-ஆம் வசனம், நோவாவின் காலத்து உலகம் ஜலத்தினால் அழிந்தது என்கிறது. அழிந்த அந்த உலகம் எங்கே போயிற்று? நோவா பேழையை விட்டு இறங்கியது அதே மண்ணில்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாயிட்டிக்கஸ், வத்திக்கானுஸ் என்ற இரண்டு முக்கியமான கையெழுத்துப் பிரதிகளில் 10-ஆம் வசனத்தின் கடைசிச் சொல் "எரிந்துபோம்" என்று இல்லை. "கண்டறியப்படும்" என்று இருக்கிறது. உலையில் போட்ட உலோகத்தில் கசடு போய் உண்மையான சரக்கு எது என்று தெரியவருவதைப் போல. 2-ஆம் நூற்றாண்டிலேயே லியோன் நகரத்து ஆயர் இரேனேயு, படைப்பின் உள்ளியல்பு இல்லாமற்போவதில்லை, உலகத்தின் கோலம்தான் கடந்துபோகிறது என்று எழுதினார்.

என் அப்பாவின் வேதப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. முதுகு பிளந்து, ஆதியாகமத்தின் முதல் தாள்கள் தனியே கழன்று, சங்கீதப் பக்கங்களின் ஓரமெல்லாம் விரல் பட்டுப் பழுப்பேறிக் கிடந்தது. பைண்டிங் செய்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. அட்டை ஒரு மூலையில் கிடந்தது. தையல் நூலெல்லாம் அறுக்கப்பட்டு, புத்தகம் சிறுசிறு கட்டுகளாக மேசைமேல் சிதறியிருந்தது. அவர் காய்ந்த பசையைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் புத்தகம் தொலைந்தது என்றே நினைத்தேன். "பழைய பசை இருக்கிறவரை புதுத் தையல் பிடிக்காது" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே. பத்து நாள் கழித்து வாங்கி வந்தேன். புது அட்டை, புதுத் தையல். உள்ளே அதே தாள்கள். ஓரங்களில் அப்பா பென்சிலால் குறித்துவைத்த தேதிகளில் ஒன்றுகூட அழியவில்லை.

பேதுரு சொல்லும் நெருப்பை அந்த மேசையை நினைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன். முற்றிலும் அழித்துப் புதிதாகப் படைப்பார் என்று நம்பிய பக்தியுள்ள ஆசிரியர்களும் திருச்சபை வரலாற்றில் உண்டு. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஆதியிலே "மிகவும் நன்றாயிருந்தது" என்று தாமே சொன்ன ஒன்றைத் தேவன் எதிரியிடம் தோற்றுவிட்டுக் குப்பையில் போடுவார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் "பரலோகம் போவோம்" என்று நாம் சொல்வது தவறா? இறந்துபோன எங்கள் தாத்தா இப்போது எங்கே இருக்கிறார்?

தவறில்லை, பாதியில் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஆண்டவர் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார். பவுலும் தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருப்பதையே அதிக நன்மை என்றார். உங்கள் தாத்தா கிறிஸ்துவோடு இருக்கிறார் என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் அவரும் காத்திருக்கிறார். வெளிப்படுத்தல் 6-ஆம் அதிகாரத்தில், பலிபீடத்தின் கீழிருக்கும் இரத்தசாட்சிகளின் ஆத்துமாக்கள் "எதுவரைக்கும்" என்று உரத்த குரலில் கேட்கின்றன. அங்கே போய்ச் சேர்ந்தவர்களே இன்னும் முடிவு வரவில்லை என்கிறார்கள். கதையின் முடிவு 21:2-இல் வருகிறது. அதில் நாம் மேலே ஏறிப் போகவில்லை, புதிய எருசலேம் பரலோகத்தைவிட்டு இறங்கி வருகிறது. "மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலமிருக்கிறது" என்று அடுத்த வசனம் சொல்கிறது. அவர் நம்மிடம் குடிவருகிறார். விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று அறிக்கையிடுகிறோமே, அந்தச் சொற்களை வேகமாக ஒப்பித்துக் கடந்துவிடாதீர்கள்.

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் என் எட்டு வயது மகளை இழந்தேன். "அவள் நல்ல இடத்துக்குப் போய்விட்டாள், அழாதே, அழுதால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம்" என்கிறார்கள். எனக்கு அழுகை நிற்கவில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?

இல்லை, அம்மா. உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் வசனத்தைப் பாதியில் வெட்டிவிட்டார்கள். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது "துக்கப்படாதிருங்கள்" என்பது இல்லை. "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத்" துக்கப்படாதிருங்கள் என்பதுதான். நம்பிக்கையுள்ளவர்களுக்கும் ஒரு துக்கம் உண்டு என்று அந்த வசனமே ஒப்புக்கொள்கிறது.

லாசருவின் கல்லறைக்குப் போன ஆண்டவரைப் பாருங்கள். இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறார் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சீடர்களிடம் புறப்படும் முன்பே சொல்லிவிட்டார். லாசருவின் சகோதரி மார்த்தாளிடம் "உயிர்த்தெழுதலும் ஜீவனும் நானே" என்றும் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகுதான் இன்னொரு சகோதரி மரியாள் அழுகிறதைக் கண்டு, ஆவியிலே கலங்கி, "இயேசு கண்ணீர் விட்டார்". முடிவு தெரிந்த ஒருவர் அழுகிறார். மரணத்தைச் சத்துரு என்றுதான் வேதம் அழைக்கிறது; அது உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் சிரித்துக்கொண்டு நில்லுங்கள் என்று ஆண்டவர் உங்களிடம் கேட்கவில்லை.

21:4-ஐ உங்களுக்காக எழுதுகிறேன்: "அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார், இனி மரணமுமில்லை, துக்கமுமில்லை, அலறுதலுமில்லை, வருத்தமுமில்லை". துடைக்கிறவர் யார் என்று பாருங்கள். ஒரு தூதனை அனுப்பித் துடைக்கச் சொல்லவில்லை. நம் வீட்டில் யார் யாருடைய முகத்தைத் துடைக்கிறோம்? பிள்ளையின் முகத்தைத் தாய் துடைப்பாள். முந்தானை முகத்தில் படுகிற நெருக்கத்தில் நின்று துடைப்பாள். அந்த நெருக்கத்தைத் தேவன் தமக்கென்று எடுத்துக்கொள்கிறார். யோவானுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏசாயா 25:8-இலும் இதே வாக்கு இருக்கிறது: மரணத்தை ஜெயமாக விழுங்கி, எல்லா முகங்களிலுமிருந்து கண்ணீரைத் துடைப்பார். கண்ணீரோடு போகிறவர்களின் முகத்தைத்தானே துடைக்க முடியும். நீங்கள் அழுதுகொண்டே அந்த நாளுக்குப் போகலாம்.

உங்கள் மகள் எங்கோ ஒரு மேகத்தில் நிழலாக இருக்கப் போவதில்லை. சரீரம் எழுந்திருக்கும் என்பது வாக்குத்தத்தம். யவீரு வீட்டில் ஆண்டவர் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பினார். எழுந்த உடனே அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். அவர் எழுப்புகிற விதம் அது.

உங்கள் மகளின் பெயரை வீட்டில் சத்தமாகச் சொல்லுங்கள். அவளைப் பற்றிப் பேச வருகிறவர்களை உட்காரவையுங்கள். "அழாதே" என்கிறவர்களுக்கு யோவான் 11:35-ஐக் காட்டுங்கள். மிகச் சின்ன வசனம்.

கேள்வி: எங்கள் பக்கம் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்கிறோம். கத்தோலிக்க நண்பர்கள் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்கிறார்கள். ஏன் இந்தக் குழப்பம்?

ஒரே கிரேக்கச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள். 1 கொரிந்தியர் 13:13-இல் 'எல்பிஸ்' என்று பவுல் எழுதியதைப் பழைய மொழிபெயர்ப்பு 'நம்பிக்கை' என்றது. திருவிவிலியம் 'எதிர்நோக்கு' என்றது. தமிழில் 'நம்பிக்கை' என்ற சொல் ஒருவரை நம்புவதற்கும், இனி வரப்போவதை நம்பிக் காத்திருப்பதற்கும் சேர்த்தே புழங்குகிறது. இதனால் நம்மில் பலர் ரோமர் 8:24-ஐ வாசிக்கும்போது பொருளைத் தவறவிடுகிறோம். "காணப்படுகிறதை நம்புகிறது நம்பிக்கையல்ல" என்ற இடத்தில் 'எதிர்நோக்கு' என்று வைத்துப் படித்தால் சட்டென்று விளங்கும். சொல்லைப் பொறுத்தவரை எனக்கு எதிர்நோக்குதான் பிடித்திருக்கிறது. கழுத்தை நீட்டி வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் அதில் தெரிகிறார். ரோமர் 8:19-இல் "சிருஷ்டியானது மிகுந்த ஆவலோடே காத்துக்கொண்டிருக்கிறது" என்ற இடத்தின் கிரேக்கச் சொல்லும் தலையை நீட்டி எதிர்பார்ப்பதைத்தான் குறிக்கிறது.

எபிரேயச் சொல் இன்னும் அழகானது: 'திக்வா'. இதே எழுத்துகளில் கயிறு என்ற பொருளும் உண்டு. எரிகோவில் ராகாப் ஜன்னலில் கட்டிவைத்த சிவப்புக் கயிற்றுக்கு யோசுவா 2-ஆம் அதிகாரத்தில் வரும் சொல் இதுதான். யோபு 7:6-இல், தன் நாட்கள் நெசவாளி எறிகிற நாடாவைவிட வேகமாக ஓடி, திக்வா இல்லாமல் முடிகின்றன என்று அவர் அழுகிறார். நம்பிக்கை தீர்ந்தது என்றும் படிக்கலாம், நூல் தீர்ந்தது என்றும் படிக்கலாம். வேதம் சொல்லும் எதிர்நோக்கு, "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்ற மனத்தெம்பு இல்லை. மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: மத்தேயு 19:28-இல் "மறுஜென்மகாலத்திலே" என்று வருகிறதே! இயேசு மறுபிறவியைப் போதித்தாரா? என் நண்பர் இதை வைத்து வாதிடுகிறார்.

இல்லை. அங்கே கிரேக்கத்தில் இருப்பது 'பாலிங்கெனேசியா'. மறுபடியும் பிறத்தல் அல்லது புதிதாகத் தோன்றுதல் என்று பொருள். சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் தமிழில் 'மறுஜென்மம்' ஆயிற்று. ஓர் ஆத்துமா ஓர் உடலைவிட்டு இன்னோர் உடலுக்குப் போவதைப் பற்றி அந்த இடத்தில் பேச்சே இல்லை. மனுஷகுமாரன் சிங்காசனத்தில் வீற்றிருக்கும் நாளில் உலகம் முழுவதும் புதுப்பிறப்பு எடுப்பதைத்தான் சொல்கிறார். உங்கள் நண்பரிடம் அந்த ஒரு வசனத்தை மட்டும் காட்டாமல், பேதுரு கேட்ட கேள்வியோடு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் மீனவர் குடும்பத்தில் பிறந்தவன். 21:1-இல் "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்று வாசிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. கடல் இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை?

தம்பி, இந்தக் கேள்வியை நான் ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் புத்தகத்தில் கடல் எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள். 13:1-இல் மிருகம் கடலிலிருந்து எழும்புகிறது. 18-ஆம் அதிகாரத்தில் பாபிலோனின் கொள்ளைச் செல்வம் கடல்வழியாகப் போகிறது. அந்தச் சரக்குப் பட்டியலின் கடைசியில் மனுஷருடைய ஆத்துமாக்களும் விற்பனைக்கு இருக்கின்றன. எழுதுகிற யோவானோ பத்மு தீவில் இருக்கிறார். அவருக்கும் அவர் நேசித்த ஏழு சபைகளுக்கும் நடுவே கிடப்பது கடல்தான். பிரிவும் பயமும் அட்டூழியமும் வருகிற திசையை அவர் 'சமுத்திரம்' என்று சொல்கிறார். அது போய்விட்டது என்கிறார்.

தேவன் உண்டாக்கி "நல்லது" என்று கண்ட கடலைப் பற்றி வேதம் வேறு விதமாகப் பேசுகிறது. 98-ஆம் சங்கீதத்தில், கர்த்தர் நியாயந்தீர்க்க வரும்போது சமுத்திரம் ஆர்ப்பரிக்கிறது, ஆறுகள் கைகொட்டுகின்றன. நீங்கள் எசேக்கியேல் 47-ஐ அவசியம் வாசியுங்கள். வெளிப்படுத்தல் 22-இல் சிங்காசனத்திலிருந்து புறப்படும் ஜீவத்தண்ணீருள்ள நதியின் ஊற்று அந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஆலயத்திலிருந்து புறப்பட்ட தண்ணீர், எந்த மீனும் வாழாத உப்புக்கடலில் போய் விழுகிறது. அந்தக் கடல் ஆரோக்கியமாகிறது. என்கேதி துவக்கி எனெக்லாயிம்மட்டும் கரையில் மீன்பிடிக்கிறவர்கள் நின்று வலை விரிக்கிறார்கள். தீர்க்கதரிசி கண்ட புதுமைக்குள் உங்கள் ஆட்கள் நிற்கிறார்கள்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, அதன்மேல் மீன் வைத்து, இரவெல்லாம் வலைபோட்டுக் களைத்து வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இது எப்போது நடக்கும்? போர்களையும் நிலநடுக்கங்களையும் பார்த்தால் நெருங்கிவிட்டது போலிருக்கிறதே?

நாள் குறிக்கிற எவரிடமும் போகாதீர்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரின் வேதக் கணக்கை நம்பிய ஆயிரக்கணக்கானோர் 1844 அக்டோபர் 22-ஆம் தேதி ஆண்டவர் வருவார் என்று காத்திருந்தார்கள். மறுநாள் பொழுது வழக்கம்போல் விடிந்தது. பலருக்கு விசுவாசமே உடைந்தது. "பிதாவானவர் தம்முடைய ஆதீனத்திலே வைத்திருக்கிற காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல" என்று அப்போஸ்தலர் 1:7 சொல்வது போதும்.

கேள்வி: எல்லாவற்றையும் தேவனே புதிதாக்கிக்கொள்வார் என்றால், நாம் மரம் நடுவதும் ஆற்றைச் சுத்தம் செய்வதும் எதற்கு? எங்கள் இளைஞர் குழுவில் இதைப் பற்றிச் சண்டையே வந்துவிட்டது.

சண்டை நல்லதுதான், எரேமியா 32-ஐ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கி.மு. 587 வாக்கில் எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நகரத்தில் அப்பம் தீர்ந்துகொண்டு வருகிறது. இந்த நேரத்தில் அவருடைய உறவினன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். அந்த நிலத்தைச் சுற்றிலும் எதிரியின் படை. நகரம் விழும் என்று ஊரறிய தீர்க்கதரிசனம் சொன்னதும் எரேமியாவேதான். அவரே 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். ஏறத்தாழ 200 கிராம் வெள்ளி. சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரைபோட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் அவருடைய எழுத்தன் பாருக் ஒரு மண்பாண்டத்தில் வைக்கிறான், அநேக நாள் இருக்கும்படிக்கு. இந்தத் தேசத்தில் இனி வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொல்லிவிட்டார், அதனால் இத்தனையும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த பகுதி. பணத்தைக் கொடுத்து முடித்த பிறகு எரேமியா ஜெபிக்கிறார். நகரம் கல்தேயராகிய பாபிலோனியரின் கையில் போகிறதே, நீர் என்னை நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று கர்த்தரிடமே கேட்கிறார். புரியாமலே வாங்கியிருக்கிறார். அந்த நிலத்தில் அவர் ஒரு நாளும் குடியிருந்ததாக வேதத்தில் இல்லை; அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

உங்கள் குழு நடும் மரக்கன்று அந்தப் பத்திரம் மாதிரி. நீங்கள் ஆற்றைச் சுத்தம் செய்து புதிய பூமியை உண்டாக்கிவிடப் போவதில்லை. அது தேவன் தருவது. ஆனால் 1 கொரிந்தியர் 15-இல் உயிர்த்தெழுதலைப் பற்றி 57 வசனங்கள் எழுதிய பவுல், 58-ஆம் வசனத்தில் வேலையைப் பற்றிப் பேசுகிறார்: "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராதென்று" அறிந்திருங்கள். நியாயமாகப் பார்த்தால் "ஆகையால் கவலைப்படாமல் காத்திருங்கள்" என்றல்லவா முடித்திருக்க வேண்டும்? அவர் வேலை செய்யச் சொல்கிறார். "எரிந்து போகிற உலகம்தானே" என்று ஆற்றில் குப்பையைக் கொட்டுகிற கிறிஸ்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வெளிப்படுத்தல் 11:18-இல் பூமியைக் கெடுக்கிறவர்களைப் பற்றி இருப்பதை அவர்கள் வாசித்ததில்லை போலும்.

கேள்வி: 'சகலத்தையும்' என்றால் முடிவில் எல்லா மனிதரும் இரட்சிக்கப்படுவார்களா?

அதே அதிகாரத்தின் 8-ஆம் வசனம், பாவத்தில் நிலைத்திருப்பவர்கள் அக்கினிக்கடலில் பங்கடையும் இரண்டாம் மரணத்தைப் பற்றிப் பேசுகிறது. 5-ஐ வைத்து 8-ஐ அழிக்க எனக்கு உரிமையில்லை. 25-ஆம் வசனம் அந்த நகரத்தின் வாசல்கள் அடைக்கப்படுவதில்லை என்கிறது. 8-ஐ வைத்து 25-ஐ அழிக்கவும் எனக்கு உரிமையில்லை. யாரைப் பற்றியும் இவர் உள்ளே, இவர் வெளியே என்று பட்டியல் போடாமல், எல்லாருக்காகவும் ஜெபிக்கிறேன்.

கேள்வி: பிறவியிலிருந்தே எனக்குக் கால்கள் செயலற்றவை. சக்கர நாற்காலிதான். "அங்கே நீ ஓடுவாய்" என்று சொல்லிச் சொல்லி என் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார்கள். அப்படியானால் இப்போது இருக்கும் நான் ஒரு பிழையா? அங்கே எழுந்திருக்கிறவன் நான்தானா?

நீங்கள் பிழை இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏசாயா 35 "முடவன் மானைப்போல் குதிப்பான்" என்கிறது. ஆண்டவர் நடக்கச் செய்தவர்களின் கதைகளும் இருக்கின்றன. உங்கள் சரீரம் வலியிலிருந்தும் தடையிலிருந்தும் விடுதலையாகும் என்ற வாக்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உயிர்த்தெழுந்த சரீரம் ஒன்றைத்தான் மனிதர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், அதைப் பார்ப்போம். மரணத்தை வென்ற அந்தச் சரீரத்தில் ஆணிகளின் காயம் இருந்தது. விலாவில் தோமா கையைப் போடுகிற அளவுக்குத் திறப்பு இருந்தது. கல்லறையில் வேலை முடிந்தபோது பிதா அவற்றை நிரவித் துடைத்துவிட்டிருக்கலாம். விட்டுவைத்தார். சீடர்கள் அவரை எப்படி அடையாளம் கண்டார்கள்? மகதலேனா மரியாள், "மரியாளே" என்று கூப்பிட்ட குரலில் கண்டாள். எம்மாவுக்குப் போனவர்கள், அப்பம் பிட்ட கையில் கண்டார்கள். தோமா காயத்தில் கண்டான். பழகிய குரல், பழகிய கைவழக்கம், பட்ட காயம் மூன்றும் புதுச் சரீரத்துக்குள் அப்படியே வந்திருக்கின்றன.

இரத்தசாட்சிகளின் தழும்புகள் உயிர்த்தெழுந்த சரீரத்திலும் தெரியக்கூடும், அவை குறையாக இராமல் மேன்மையாக இருக்கும் என்று 5-ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன் எழுதினார். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே நீங்கள் கற்ற பொறுமை, உங்கள் கைகளுக்கு வந்த வலு, மனிதரை அவர்களுடைய கண்மட்டத்துக்குக் கீழிருந்து பார்த்துப் பழகிய பார்வை, இவையெல்லாம் நீங்கள்தான். இவற்றைக் கழித்துவிட்டு வேறொருவனை எழுப்பினால், அது உயிர்த்தெழுதலாகாது. கோதுமை மணியையும் கதிரையும் பவுல் உவமையாகச் சொல்கிறார். விதைத்ததைவிடப் பெரிதாக வருகிறது, ஆனால் கோதுமையை விதைத்த இடத்தில் கோதுமைதான் வருகிறது.

அடுத்த முறை கேட்காமலே தலையில் கைவைக்க வருகிறவரிடம், "முதலில் என் பெயரைக் கேளுங்கள்" என்று சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் நாய் பன்னிரண்டு வருடம் எங்களோடு இருந்து இறந்தது. குழந்தைகள் கேட்கிறார்கள்.

ரோமர் 8:22-இல் தவிப்பது "சர்வ சிருஷ்டியும்". ஏசாயா 65:25-இல் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒருமித்து மேய்கின்றன. மிருகங்கள் இல்லாத புதிய பூமியை வேதம் வரையவில்லை. குழந்தைகளிடம் அந்த வசனத்தை வாசித்துக்காட்டி, அந்த நாயை உண்டாக்கியவர் அதை மறக்கவில்லை என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்து ஆறு வருடம். "பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின" என்று சாட்சி சொன்னவன் நான். இன்னமும் கோபம் வந்தால் வீட்டில் கத்துகிறேன், பொருள்களை எறிகிறேன். நான் புதிதாகவே இல்லையோ?

2 கொரிந்தியர் 5:17-ஐச் சொன்ன பவுல், ஓர் அதிகாரம் முன்னால் 4:16-இல் "உள்ளான மனுஷனானது நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது" என்கிறார். ஒரு நாளில் முடிந்துவிட்ட காரியம் என்றால் 'நாளுக்குநாள்' எதற்கு? 21:5-இலும் "புதிதாக்குகிறேன்" என்று நிகழ்காலத்தில்தான் சொல்கிறார். நீங்கள் மேசைமேல் பிரித்துவைக்கப்பட்ட புத்தகமாக இருக்கலாம்.

ஆனால் இதை உங்களுக்குச் சாக்காகக் கொடுக்கவில்லை. நீங்கள் எறிகிற பொருள் யார்மேல் விழுகிறது? யார் பயந்து சுவரோரம் ஒதுங்குகிறார்கள்? இன்றைக்கே அவர்களிடம் பெயர்சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவர்களுக்கு ஆபத்து இருந்தால், நீங்கள் மாறும்வரை அவர்கள் பாதுகாப்பான இடத்தில் இருப்பதைத் தடுக்காதீர்கள். உங்கள் போதகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; கோபத்துக்கு ஆலோசனை தரும் மருத்துவரிடமும் போங்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை. பழைய பசையைச் சுரண்டும்போது வலிக்கும்.

கேள்வி: இரண்டாயிரம் வருடமாகக் காத்திருக்கிறோம். ஒன்றும் மாறவில்லை. நேர்மையாகச் சொல்லுங்கள், உங்களுக்குச் சந்தேகமே வருவதில்லையா?

வருகிறது. பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் வருகிறது. அப்போது நான் உலகத்தின் நிலையைப் பார்த்துக் கணக்குப் போடுவதில்லை, போட்டால் தோற்றுவிடுவேன். பவுல் 'முதற்பலன்' என்று ஒரு சொல்லைச் சொல்கிறார். அறுப்பு தொடங்கும்போது முதல் கதிர்க்கட்டை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். வயல் முழுக்க இன்னும் நின்றுகொண்டிருக்கும். ஆனால் அந்த ஒரு கட்டு, மற்றதும் இதே தானியம்தான், வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லும். கிறிஸ்துவின் கல்லறை காலியாக இருந்தது உண்மை என்றால், அறுப்பு தொடங்கிவிட்டது. அது பொய் என்றால், எல்லா மனுஷரைப்பார்க்கிலும் பரிதபிக்கப்படத்தக்கவர்களாயிருப்போம் என்று பவுலே எழுதிவிட்டார். நான் என் முழு எடையையும் அந்த ஒரு கட்டின்மேல் வைத்திருக்கிறேன்.

கேள்வி: அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். அதிக நேரம் விழித்திருப்பதில்லை. வாசித்துக்காட்ட எந்தப் பகுதியை எடுக்கட்டும்?

வெளிப்படுத்தல் 21-இல் 3, 4, 5 வசனங்கள் மட்டும் போதும். அளவுகளும் இரத்தினக்கற்களும் இப்போது வேண்டாம். அம்மா சிறுவயதில் எந்த மொழிபெயர்ப்பைக் கேட்டாரோ அதையே எடுங்கள்; அவர் உதடு தானாகவே கூடச் சேர்ந்து அசையும். கையைப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள். "கண்ணீர் யாவையும்" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். 4-ஆம் வசனத்தில் அவர் தூங்கிவிட்டால் எழுப்பாதீர்கள். நாளைக்கு 5-ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள்.